மாதத்துக்கு எத்தனை லிட்டர்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை பெட்ரோல், டீசல் விலையைப் பற்றியும், குறைந்த எரிபொருளில் ஓடும் வண்டிக்கு மாறலாமா என்பதைப் பற்றியுமே இருந்தன. பழைய வடஆற்காட்டுப் பகுதியிலிருந்து வந்தவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறினால் இங்கே விலை ஏறுகிறது. இறங்கினால் மட்டும் இறங்குவதில்லை. விலை தினமும் மாறும் என்று அறிவித்தார்களே, அது என்ன ஆயிற்று?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அதற்கான காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிப்பது 2010 ஜூனிலும், டீசல் விலையை நிர்ணயிப்பது 2014 அக்டோபரிலும் கைவிடப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை நாடெங்கும் வந்தது. ஏட்டளவில் அந்த முறை நீடித்தாலும், 2022 ஏப்ரலுக்குப் பிறகு எண்ணெய் நிறுவனங்கள் அன்றாட மாற்றத்தை நிறுத்திவிட்டன. 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தபோது சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசாயிற்று. அதன் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த எண் அசையவே இல்லை. 2024 மார்ச்சில் 2 ரூபாய் அளவுக்குக் குறைந்தது.

இதே காலத்தில் கச்சா எண்ணெய் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2022 ஜூனில் ஒரு பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்றது. 2025 மே மாதத்தில் 65 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அன்றன்றைய டாலர் மதிப்பில் வகுத்துப் பார்த்தால், ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் ஏறக்குறைய 54 ரூபாயிலிருந்து 35 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. 19 ரூபாய் இறங்கிய இடத்தில் நமக்குக் கிடைத்தது 2 ரூபாய். 2022-ல் விலையை ஏற்றாமல் நட்டத்தைத் தாங்கினோம், அதைத்தான் பிறகு ஈடுகட்டிக்கொண்டோம் என்று நிறுவனங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு ஈடுகட்டினார்கள், எப்போது கணக்கு நேரானது என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லும் ஏற்பாடு எதுவும் இல்லை. என் குறை அதுதான்.

இன்னொரு காரணம் வரியின் அமைப்பு. மத்தியக் கலால் வரி விலையில் இத்தனை விழுக்காடு என்று அமைந்ததன்று, லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற நிலையான தொகை. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் அது பெட்ரோலுக்கு 21.90 ரூபாய், டீசலுக்கு 17.80 ரூபாய் என ஆயிற்று. தமிழ்நாட்டின் மதிப்புக்கூட்டு வரியிலும் ஒரு பகுதி அவ்வாறே நிலையானது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தபோது அமைந்த விகிதம் 13 விழுக்காடும் அதன்மேல் லிட்டருக்கு 11.52 ரூபாயும் ஆகும். டீசலுக்கு 11 விழுக்காடும் 9.62 ரூபாயும். கச்சா எண்ணெய் எவ்வளவு மலிந்தாலும் இந்த நிலையான தொகைகள் மலிய மாட்டா. 2020-ல் உலகமே ஊரடங்கில் கிடந்து எண்ணெய் விலை படுத்துவிட்ட வேளையில், மே மாதம் கலால் வரி பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விலை சரிவின் பலனை அரசு வாங்கிக்கொள்ளும், விலை உயர்வின் சுமையை மக்கள் வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை அன்று வெளிப்படையாகவே தெரிந்தது.

சரக்கு மற்றும் சேவை வரிக்குள் பெட்ரோலைக் கொண்டுவந்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2016-லிருந்தே அதற்கான வழி அரசமைப்புச் சட்டத்தில் திறந்திருக்கிறது. அந்த வரிக்கான மன்றம் தேதியைப் பரிந்துரைத்தால் போதும். ஆனால் மத்திய அரசும் மாநிலங்களும் இந்த வருவாயை விடத் தயாராக இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுவதன் விளைவை நீங்கள் வீட்டிலிருந்து சித்தூர் சாலையில் சிறிது தூரம் போனாலே காணலாம். ஆந்திரத்தில் மதிப்புக்கூட்டு வரி 31 விழுக்காடும் அதற்கு மேல் தனித் தொகையுமாக இருந்ததால், கிறிஸ்டியான்பேட்டை எல்லைக்கு இப்பால் உள்ள பெட்ரோல் பங்குகளில் ஆந்திரப் பதிவெண் வண்டிகள் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது.

கேள்வி: என்னுடைய ஸ்கூட்டர் 2018-ல் வாங்கியது. விற்றவர் லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் என்றார். எனக்கு 50 கிடைத்தது. இப்போது 42-தான் வருகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். வண்டியை மாற்றிவிடலாமா?
— வங்கிப் பணியாளர், சத்துவாச்சாரி

பதில்: அம்மா, இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அந்த 60 பொய்யான எண் அன்று, சாலையில் எடுத்த எண்ணும் அன்று. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, முன்கூட்டியே வகுத்துவைத்த வேகங்களில், வகுத்துவைத்த நேரத்துக்கு ஓட்டி அளந்தது அது. அங்கே எதிர்க்காற்று இல்லை, கிரீன் சர்க்கிளில் நெரிசல் இல்லை, பின்சீட்டில் பள்ளிப் பையோடு பிள்ளை இல்லை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடுவதற்கு மட்டும் அந்த எண் பயன்படும்.

எத்தனாலுக்கு வருவோம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் பெரும்பாலான பங்குகளில் அதுவே கிடைக்கும் நிலை வந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் குறையும் என்பது உண்மைதான். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும், அதே வகைக் கார்களில் 6 முதல் 7 விழுக்காடும் குறையும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. மைலேஜ் குறையும் எரிபொருளை, குறைந்த விலையில் கொடுக்காமல் அதே விலைக்கு விற்பது சரியன்று என்பது என் கருத்து. ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள்: 50-ல் 4 விழுக்காடு போனால் 48 இருக்க வேண்டும். உங்களுக்கு 42 வருகிறது. மீதி 6 கிலோமீட்டர் வேறெங்கோ போகிறது.

எங்கே போகும் என்பதற்கு என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என்னுடைய பழைய மோட்டார் சைக்கிள் ஒரு வருடத்துக்குள் 52-லிருந்து 43-க்கு இறங்கியது. ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பிளக் மாற்றினார்கள், கடைசியில் கார்புரேட்டரையே மாற்றினார்கள். இரண்டாயிரத்துக்கு மேல் செலவானதுதான் மிச்சம். பிறகு தோட்டப்பாளையத்தில் சாலையோரமாக வேலை செய்யும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். அவர் என்ஜின் பக்கமே போகவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்று சுழற்றினார். அரைச் சுற்று வந்ததும் சக்கரம் நின்றுவிட்டது. பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் வேலப்பாடியிலிருந்து ஓட்டி வந்த அந்தக் குறைந்த தூரத்துக்கே கை வைக்க முடியாத சூடு. பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஷூவை விரிக்கும் கேமில் படிந்திருந்த அழுக்கை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து, பிரேக் ராடை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். மறுபடி சுழற்றியபோது சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த மாதமே 50 வந்துவிட்டது.

ஸ்கூட்டரில் இத்துடன் இன்னொரு இடம் உண்டு. இடப்பக்க மூடிக்குள் இருக்கும் டிரைவ் பெல்ட்டும் ரோலர்களும் தேய்ந்தால், என்ஜின் இரைச்சலாகச் சுற்றும், வண்டி அதற்கேற்ப ஓடாது. ஏர் ஃபில்டர், டயரின் காற்று, பிரேக், பெல்ட் ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகத்தான் கார்புரேட்டர்.

அதற்கு முன், 42 என்ற எண்ணையே உறுதிசெய்துகொள்ள வேண்டும். முள்ளைப் பார்த்தோ, 200 ரூபாய்க்குப் போட்டு எத்தனை நாள் வந்தது என்று பார்த்தோ சொல்வது கணக்காகாது. ஒரு பங்கில் நாசில் தானாக முதல் முறை கட்டாகும் வரை நிரப்புங்கள், அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஊற்ற விடாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், உங்கள் வண்டியில் அது இல்லையென்றால் ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 120 அல்லது 130 கிலோமீட்டர் ஓடியதும் அதே பங்கில், அதே பம்பில், மறுபடி முதல் கட்டாகும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் மைலேஜ். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

வண்டியை மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதே. நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதத்தில் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். 42 கொடுக்கும் வண்டிக்கு மாதம் 18.6 லிட்டர் ஆகும். பழுது நீக்கி 48-க்குக் கொண்டுவந்தால் 16.25 லிட்டர் போதும். மிச்சமாவது 2.3 லிட்டர், ஏறத்தாழ 230 ரூபாய். அதற்காகப் பழுது பார்ப்பது லாபம். அதற்காக ஒரு லட்சம் கடன் வாங்குவது லாபமன்று. ஒன்றே ஒன்று: 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இந்தக் கலவைக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் குழாயை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விறைத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்க் மூடியின் வாஷர் சரியாக இருக்க வேண்டும்.

கேள்வி: காலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மையா? அளவில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: உண்மையன்று. குளிர்ச்சியில் பெட்ரோல் சுருங்கும் என்பதிலிருந்து வந்த நம்பிக்கை அது. ஆனால் பங்கில் எரிபொருள் நிலத்தடித் தொட்டியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. வேலூர் வெயிலிலும் அப்படித்தான். அளவில் சந்தேகம் வந்தால், எடையளவுச் சட்டத் துறையின் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கலத்தைக் கேளுங்கள். எல்லாப் பங்கிலும் அது இருக்க வேண்டும், கேட்டால் உங்கள் முன்னால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம்.

கேள்வி: ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் குட்டி யானை வைத்திருக்கிறேன். டீசல் விலையில் கட்டுப்படியாகவில்லை. 12-தான் கொடுக்கிறது. புதிய வண்டி 17 கொடுக்கும் என்கிறார்கள். மாறிவிடட்டுமா?
— லோடு வண்டி உரிமையாளர், குடியாத்தம்

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் மிக முக்கியமானதாக நான் கருதுவது உங்களுடையதைத்தான். எரிபொருள் விலையின் முழு அடியையும் வாங்குகிறவர்கள் உங்களைப் போன்றவர்களே.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பேசி நமக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. 50 கொடுக்கும் பைக்கை விட்டு 60 கொடுக்கும் பைக்குக்கு மாறினால் 10 கிலோமீட்டர் கூடுகிறது. 12 கொடுக்கும் வேன் 14 கொடுத்தால் கூடுவது 2-தான். கேட்பதற்கு முதலாவதே பெரிய லாபமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டையும் 1,000 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பைக்கில் 20 லிட்டர் பிடித்த இடத்தில் 16.7 லிட்டர் பிடிக்கும், மிச்சம் 3.3 லிட்டர். வேனில் 83.3 லிட்டர் பிடித்த இடத்தில் 71.4 லிட்டர் பிடிக்கும், மிச்சம் 11.9 லிட்டர். கீழே கிடக்கும் மைலேஜைச் சிறிது தூக்குவதில்தான் பணம் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவது இதற்காகவே பொருத்தமானது. நாமும் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எரித்தோம் என்று எழுதி வைத்தால் இந்த மயக்கம் தீரும்.

இனி உங்கள் வண்டி. நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று கொண்டால் 2,500 கிலோமீட்டர். 12-க்கு மாதம் 208 லிட்டர். உங்கள் வண்டியைச் சரிசெய்து 14-க்குக் கொண்டுவந்தால் 179 லிட்டர். அதாவது 30 லிட்டர் மிச்சம், லிட்டர் 92 ரூபாய் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 2,750 ரூபாய். 14-லிருந்து புதிய வண்டியின் 17-க்குப் போனால் 147 லிட்டர், அதில் மேலும் 32 லிட்டர் மிச்சம், ஏறத்தாழ 2,900 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. முதலாவது சில ஆயிரம் ரூபாய் வேலையில் கிடைக்கிறது. இரண்டாவதற்கு ஐந்து வருடம் தவணை கட்ட வேண்டும், அந்தத் தவணை 2,900 ரூபாய்க்குள் நிச்சயம் அடங்காது. வண்டிக்கு வேறு பெரிய செலவு வராத வரையில், டீசலை மட்டும் காரணமாக வைத்து மாறாதீர்கள்.

அந்த 14-க்கு எப்படி வருவது? நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கிளட்ச் வழுக்குகிறதா என்பதை ஏற்றத்தில் பாருங்கள்: என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் வழுக்குகிறது. டயர் காற்றை வாரம் ஒரு முறை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன், லோடுக்கு உரிய அளவில் அடியுங்கள். டயரின் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் 0.2 விழுக்காடு கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 10 பி.எஸ்.ஐ. குறைந்து ஓடும் வண்டிகளை நம் ஊர்ச் சாலைகளில் நாளும் பார்க்கிறோம். ஏர் ஃபில்டரை மண் சாலைக்கு ஏற்ப அடிக்கடி மாற்ற வேண்டும். கறும்புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியே போகிறது என்று பொருள், இன்ஜெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டும் முறையிலும் டீசல் உண்டு. பள்ளிகொண்டா பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை ஏறியதும் 80-ல் விரட்டத் தோன்றும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 60-ல் உள்ளதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு எதிர்ப்பை 80-ல் தள்ள வேண்டியிருக்கும். உயரமாகக் கூடை அடுக்கித் தார்ப்பாய் படபடக்க ஓடும் வண்டிக்கு அது இன்னும் கூடும். அந்த 25 கிலோமீட்டரில் 60-ல் வந்தால் பிந்துவது 6 நிமிடத்துக்குச் சற்றே மேல். மார்க்கெட்டில் சரக்கு இறக்கக் காத்திருக்கையில் என்ஜினை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் கால் முதல் அரை லிட்டர் போகும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் திரும்பும் லோடில் இருக்கிறது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் ஒவ்வொரு நடையிலும், வரும்போது கிடைத்த வாடகையிலிருந்துதான் டீசல் எரிகிறது. உரமோ, தீவனமோ, மளிகையோ வாரத்தில் மூன்று நாள் திரும்பு லோடு கிடைத்தாலும் 17 கொடுக்கும் புதிய வண்டியைவிட அது மேல். அக்கம்பக்கத்துக் குட்டி யானைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்துக்கொண்டாலே இதற்கு வழி பிறக்கும்.

கேள்வி: ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். மின்சார ஆட்டோவுக்கு மாற ஆசை. வீட்டில் தீ விபத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள்.
— ஆட்டோ ஓட்டுநர், ஆம்பூர்

பதில்: தம்பி, வீட்டாரின் பயத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய மகளும் இறந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் யாரும் அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்த ஆண்டு நாடெங்கும் நேர்ந்த விபத்துகளுக்குப் பின்னர், இரண்டு, மூன்று சக்கர மின்சார வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வண்டியை மலிவு என்று வாங்காதீர்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிதானா என்று பார்த்து வாங்குங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைப் பேட்டரி வெப்பத்தை மேலாகத் தாங்கும், நம் கோடைக்கு அதுவே ஏற்றது.

ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பாயின்ட் வேண்டும், நீட்டிப்புப் பெட்டி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலிருந்து வெளியேறும் ஒரே வழியில், வாசற்படியிலோ மாடிப்படிக்குக் கீழோ, இரவில் சார்ஜ் போடாதீர்கள். தீயைவிட முதலில் ஆளைக் கொல்வது புகை.

பணக் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. பெட்ரோல் என்ஜின் தான் குடிக்கும் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு அளவையே சக்கரத்துக்குக் கொடுக்கிறது, மீதி சூடாகப் போய்விடுகிறது. மின்மோட்டார் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கொடுக்கும். பயணிகள் ஆட்டோவுக்கு 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 முதல் 8 யூனிட் ஆகலாம். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 80 ரூபாய். 25 கொடுக்கும் பெட்ரோல் ஆட்டோவுக்கு அதே தூரம் 4 லிட்டர், 400 ரூபாய்க்கு மேல். நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடுகிற உங்களுக்குத்தான் மாற்றம் முதலில் லாபம் தரும், வாரம் ஒரு முறை காரை எடுக்கும் ஒருவருக்கு அல்ல. வீட்டு இணைப்பில் சார்ஜ் போடலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு மின்கட்டண விகிதமே மாறிவிடும். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குறைவாகக் குடிக்கும் வண்டியைச் செய்யும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தச் சட்டம் உண்டா?
— கல்லூரி மாணவர், வாணியம்பாடி

பதில்: உண்டு, ஆனால் பாதி. 1973 அரபு-இஸ்ரேல் போரை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், பீப்பாய் 3 டாலர் அளவிலிருந்து சில மாதங்களில் 12 டாலர் அளவுக்கு ஏறியது. அமெரிக்கா 1975-ல் ஒரு சட்டம் செய்து, ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜுக்கு இலக்கு வைத்தது. நம் நாட்டில் அதே வகை விதி 2015-ல் அறிவிக்கப்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வகுத்த அதன் இரண்டாம் கட்டம் 2022-லிருந்து, விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயுவை கிலோமீட்டருக்கு 113 கிராமுக்குள் கொண்டுவரச் சொல்கிறது; எரிபொருள் குறைவாக எரிந்தால்தான் அந்த வாயுவும் குறையும். காரின் சராசரி எடை கூடினால் இலக்கும் தளரும் என்பது அதன் பெரிய ஓட்டை.

அதைவிடப் பெரிய குறை, இந்த விதி கார்களுக்கு வகுத்தது, இருசக்கர வண்டிகளுக்கு அன்று. 2013-ல் பெட்ரோலிய அமைச்சகத்துக்காக நடந்த ஆய்வு, நாட்டில் விற்கும் சில்லறைப் பெட்ரோலில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வண்டிகளே குடிக்கின்றன என்று கண்டது. அவற்றுக்குப் புகைக்கு விதி உண்டு. 2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி வந்ததால் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், எரிபொருளை அளந்து பீச்சும் இன்ஜெக்ஷன் வந்தது. நேரடியாக மைலேஜுக்கு இலக்கு வைப்பதில் இனியும் தாமதம் கூடாது. நீங்கள் பொறியியல் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இறுதியாண்டுத் திட்டப் பணிக்கு இதை எடுத்துக்கொள்ளலாமே.

கேள்வி: எங்கள் வீட்டில் வண்டியே கிடையாது. ஆனாலும் டீசல் ஏறினால் எங்களுக்குத்தான் முதலில் வலிக்கிறது. எங்களுக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?
— வாசகி, ஒடுகத்தூர் அருகில்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபின் மேலே எழுதிய பதில்களை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் வண்டி உள்ளவர்களுக்கு எழுதியவை. டிராக்டர் உழவுக் கூலி ஏறியதையும், கடைக்காரர் லாரி வாடகை என்று சொல்லிப் பருப்பில் ஏற்றியதையும், காலை 7 மணி டவுன் பஸ் வராத நாளில் ஷேர் ஆட்டோவுக்கு 60 ரூபாய் கொடுத்து வேலைக்குப் போனதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த 60 ரூபாய் உங்கள் நாள் கூலியில் எத்தனை பங்கு என்பது எனக்குத் தெரியும்.

குறைந்த எரிபொருளில் ஓடும் வண்டி எது என்று கேட்டால், கணக்குப்படி அது நீங்கள் எதிர்பார்த்து நிற்கும் அந்த டவுன் பஸ்தான். அரசுப் பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். 50 பேர் ஏறியிருந்தால் ஒரு லிட்டர் டீசல் ஓர் ஆளை 250 கிலோமீட்டர் கொண்டுபோவதற்குச் சமம். ஒருவர் மட்டும் போகும் எந்தப் பைக்கும் அதன் அருகில் வராது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், விலை உயர்வு உங்கள் பயணச் செலவைத் தொடக்கூடாத நிலைதான் இருந்திருக்க வேண்டும். பஸ் வராத நாளில் அந்தச் சலுகை ஏட்டிலே நின்றுவிடுகிறது.

எந்தெந்தத் தேதியில் அந்த 7 மணி பஸ் வரவில்லை என்பதை ஒரு மாதத்துக்கு நோட்டில் குறித்து வையுங்கள், பஸ்ஸின் தட எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். உடன் வரும் பெண்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். பதிவு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் தேதிகளோடு வெளியிடுகிறோம்.